உடல் வளையாதது என் முயற்சிக் குறைவா, என் உடல்வாகா?

நீங்கள் ஆறடி உயரமானவர் என்றும், ஓராண்டாகத் தவறாமல் யோகா வகுப்புக்குச் சென்றும் பத்மாசனம் கைகூடவில்லை என்றும், சப்பாணி கட்டி இருந்தால்கூட முழங்கால்கள் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்திலேயே நின்றுவிடுகின்றன என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்களோடு சேர்ந்தவர்கள் மூன்று மாதத்தில் காலை மடக்கிவிட்டதால், குறை முயற்சியிலா உடல்வாகிலா என்று கேட்கிறீர்கள். நானும் என் தங்கையும் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரே வீட்டில், ஒரே புட்டையும் சம்பலையும் உண்டு வளர்ந்தவர்கள். ஆனாலும் ஆசனம் என்று வந்தால் எங்கள் இருவரின் உடல்களும் இரு துருவங்கள். அந்த அனுபவத்தை வைத்தே பதில் சொல்கிறேன்.

உடல்வாகு என்றவுடன் நாம் ஒல்லி, தடிப்பு என்பவற்றையே நினைக்கிறோம். ஆசனத்தில் அவற்றைவிடப் பெரிய வேறுபாட்டை உண்டாக்குபவை என்புகளின் வடிவமும் நீளமும், மூட்டுகளைச் சுற்றியுள்ள இணையங்களின் (என்போடு என்பை இணைக்கும் நார்ப்பட்டைகளின்) இறுக்கமும் தளர்வும்தான். தொடையென்பின் தலை இடுப்புக் குழிக்குள் பொருந்தும் இடத்தில், என்பின் கழுத்து சற்று முன்னோக்கித் திரும்பியிருக்கும். பிறக்கும்போது ஏறத்தாழ 40 பாகையாக இருக்கும் அந்தத் திருப்பம், வளர வளரக் குறைந்து, பெரியவர்களில் 15 பாகை அளவுக்கு வந்து நிற்கும். சிலருக்கு அது அவ்வளவு குறைவதில்லை. அப்படிப்பட்டவரின் தொடை உட்புறமாக எளிதில் திரும்பும். வெளிப்புறமாகத் திரும்ப மறுக்கும். பத்மாசனத்துக்குத் தேவைப்படுவதோ முழுக்க முழுக்க வெளிப்புறத் திருப்பம்.

நான் அந்தச் சிலரில் ஒருத்தி. சிறுவயதில் முழங்கால்களை முன்னே சேர்த்து, பாதங்களை இருபுறமும் பின்னோக்கிப் பரப்பி நிலத்தில் இருப்பதுதான் எனக்குச் சுகமாக இருக்கும். "பிள்ளை, இதென்ன தவளை மாதிரி? வடிவாச் சப்பாணி கட்டி இரு" என்று அம்மம்மா தினமும் ஏசுவார். முப்பத்தைந்து வயதில் யோகா பழகப் போனபோது ஆசிரியரும் ஏறக்குறைய அதையே சொன்னார். ஒவ்வொரு வகுப்பிலும் என் வலது தொடையில் உள்ளங்கையை வைத்து மெதுவாக அமத்தி, "கொஞ்சம் தாங்குங்கோ, பழகிவிடும்" என்பார். இரண்டு ஆண்டுகள் தாங்கினேன். தொடை இறங்கவில்லை, முழங்காலின் உட்புறத்தில் நோவு வந்து, படி இறங்குவதே சிரமமாகியது. இடுப்பு திரும்ப மறுத்தால், அந்தத் திருகல் விசை அதற்கு அடுத்த மூட்டான முழங்காலுக்குப் போகும். முழங்கால் அடிப்படையில் மடங்கி நீளும் ஒரு கீல். திருகலைத் தாங்குவதற்கு அமைந்தது அன்று. நெருக்குப்படுவது உள்ளிருக்கும் குருத்தெலும்புத் தட்டு.

பிறகு நான் போன இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) ஐந்தே நிமிடத்தில் காரணத்தைக் காட்டினார். என்னைக் குப்புறப் படுக்க வைத்து, முழங்காலைச் செங்கோணமாக மடித்து, கீழ்க்காலை முதலில் வெளிப்பக்கமாகவும் பின்னர் உட்பக்கமாகவும் சாய்த்து, பாகைமானியால் அளந்தார். வெளிப்பக்கம் 70 பாகை வரை தடையின்றிச் சரிந்த கால், உட்பக்கம் 25 பாகையில் சுவரில் முட்டியதுபோல் நின்றுவிட்டது. (கீழ்க்கால் எந்தப் பக்கம் சரிகிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாகத்தான் தொடை திரும்புகிறது, ஆகவே பத்மாசனத்துக்கு உதவுவது கால் உட்பக்கம் சரிவதே.) இந்தச் சோதனையை நீங்களும் கட்டிலில் செய்து பார்க்கலாம், மற்றக் காலைச் சற்று விலக்கி வைத்துக்கொள்ளுங்கள், இடுப்பு கட்டிலை விட்டு எழும்பக் கூடாது. கால் உட்பக்கம் நன்றாகச் சரிந்தும் சப்பாணி கட்ட முடியாமல் இருந்தால், உங்கள் தடை பெரும்பாலும் தசையில். அது மாதக்கணக்கில் இளகும். சரியாமல் முட்டி நின்றால் என்பைச் சந்தேகிக்கலாம், அதற்கு முயற்சி மருந்தன்று.

அந்த மருத்துவர் சொன்ன இன்னொன்றை இன்றுவரை ஒவ்வோர் ஆசனத்திலும் பயன்படுத்துகிறேன். தசை இழுபடும்போது உணர்வு மடிப்புக்கு எதிர்ப்பக்கத்தில், தசையின் நடுவில், பரவலாக இருக்கும். என்போடு என்பு நெருங்கும்போது உணர்வு மடிப்புப் பக்கத்தில், ஒரு புள்ளியில், கிள்ளுவதுபோல் இருக்கும். சப்பாணி கட்டும்போது உங்களுக்குப் பிட்டத்தில் இழுக்கின்றதா, தொடையும் அடிவயிறும் சேரும் மடிப்பில் கிள்ளுகின்றதா என்று கவனித்துப் பாருங்கள்.

உயரமானவர்களுக்கு வேறு சில கணக்குகளும் உண்டு. தொடை நீளமாகவும் கணுக்கால் மடிப்புக் குறைவாகவும் இருந்தால், குந்தி இருக்கும்போது குதிக்கால் நிலத்தில் படியாமல் பின்னால் சாய்ந்து விழத் தோன்றும். பாயை மடித்துக் குதிக்காலுக்குக் கீழே வைத்தால் போதும். சிரசாசனத்தில் மேற்கையின் நீளமே முக்கியம். கைகளைத் தலைக்கு மேலே தூக்கி, ஒவ்வொரு கையாலும் மற்ற முழங்கையைப் பிடித்துப் பாருங்கள். முன்கைகள் உச்சந்தலைக்கு மேலே எழும்பாமல் தலையில் படிந்து கிடந்தால், தலைகீழாக நிற்கும்போது உடலின் பாரம் முழுவதும் கழுத்தில் இறங்கும். அவ்வாறானவர்கள் முன்கைகளுக்குக் கீழே மடித்த போர்வை வைத்து உயர்த்த வேண்டும், அல்லது அந்த ஆசனத்தை விட்டுவிட வேண்டும். நான் விட்டுவிட்டேன்.

நாம் அளவுகோலாகக் கொள்ளும் ஆசன வடிவங்களில் பல எங்கிருந்து வந்தன என்பதையும் யோசிக்க வேண்டும். 1930களில் மைசூர் அரண்மனையில் யோகா ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989) கற்பித்த வேகமான, தாவிச் செய்யும் பயிற்சி பெரும்பாலும் சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் உரியது. அவரே பின்னர் சென்னையில் வயது, நோய், உடலமைப்பு ஆகியவற்றைப் பார்த்து ஆளுக்கொரு விதமாகக் கற்பித்தார். அவருடைய மகன் தேசிகாச்சார் அந்த வழியையே தொடர்ந்தார். கிருஷ்ணமாச்சாரியாரின் மாணவராயிருந்த பி.கே.எஸ். ஐயங்கார் (1918–2014) நோயாளிச் சிறுவனாக வளர்ந்தவர். கட்டை, பட்டி, போர்வை, நாற்காலி எல்லாவற்றையும் வகுப்புக்குள் கொண்டுவந்தவரும் அவர்தான். யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலியோ ஆசனம் நிலையாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொண்டார். முழங்கால் தரையில் பட வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை.

இனி என் தங்கை. அவள் குட்டையானவள், மூட்டுகள் தளர்ந்தவள்; பெருவிரலைப் பின்னால் மடக்கி முன்கையில் தொட வைத்துப் பாடசாலையில் வேடிக்கை காட்டியவள். முதல் வகுப்பிலேயே முழங்கால் மடியாமல் குனிந்து உள்ளங்கைகளைத் தரையில் பதித்தாள், எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் அவளுக்கு வினையாகியது. தளர்ந்த மூட்டுள்ளவர்களுக்கு "போதும்" என்று உடல் சொல்வது மிகத் தாமதமாகவே கேட்கும். ஒவ்வொரு நாளும் இன்னும் சற்று, இன்னும் சற்று என்று குனிந்து, தொடையின் பின்தசை உட்காரும் எலும்பில் ஒட்டியிருக்கும் இடத்தைப் புண்ணாக்கிக்கொண்டாள். எட்டு மாதங்கள் அலுவலக நாற்காலியில் மெத்தை போட்டும் நிம்மதியாக உட்கார முடியவில்லை. விறைத்த உடலுக்குத் தன் எல்லை முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. இளகிய உடலைத்தான் நான் அதிகம் கவலையோடு பார்க்கிறேன். இப்போது அவள் முழங்காலைச் சற்று மடித்து, போகக்கூடிய தூரத்துக்கு முன்னதாகவே நிறுத்தி, தசையை இறுக்கிப் பிடித்துப் பழகுகிறாள். பார்ப்பவர்களுக்கு அவள் பின்தங்கிவிட்டதுபோல் தோன்றும்.

தடித்த உடலைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அங்கே தடை பெரும்பாலும் இடம் போதாமைதான்: வயிறு மடிப்பில் அகப்படும்போது கால்களை இடுப்பகலத்துக்கு விலக்கினால் குனிவதற்கு வழி பிறக்கும், கை எட்டாத இடத்தைப் பட்டி எட்டும். "எனக்கு வாத உடம்பு, உனக்குக் கப உடம்பு" என்று சித்த மருத்துவ வழக்கில் பேசுவதையும் கேட்கிறேன். உணவுக்கும் ஓய்வுக்கும் அதைப் பின்பற்றுவோரோடு எனக்கு வழக்கில்லை, ஆனால் தொடையென்பு எந்தப் பக்கம் திரும்பும் என்பதை அது சொல்லாது.

நான் இப்போது இரண்டு போர்வைகளை மடித்து, இடுப்பு முழங்கால்களைவிட உயரும்படி அவற்றின்மேல் இருந்து, கீழ்க்கால்களை மட்டும் குறுக்கே போட்டுக்கொண்டு, முழங்கால்களுக்குக் கீழே ஒவ்வொரு தலையணை வைத்துக்கொள்கிறேன். கல்கிசைப் பக்கம் போகும் காலை ரயில் கடந்த பின்பும் அப்படியே அரை மணிநேரம் இருக்க முடிகிறது. பத்மாசனத்தோடு மல்லுக்கட்டிய நாட்களில் ஐந்து நிமிடம்கூட இருந்ததில்லை. நீங்களும் முதலில் உங்கள் இருக்கையை உயர்த்திப் பாருங்கள். முழங்காலின் உட்புறத்தில் ஏற்கெனவே நோவு இருந்தாலோ, மடக்கி நீட்டும்போது எதுவோ சிக்கிக்கொள்வதுபோல் இருந்தாலோ, பத்மாசன முயற்சியை இன்றே நிறுத்திவிட்டு இயன்மருத்துவரிடம் காட்டுங்கள். தொடையை அமத்த வரும் கையிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.