அமெரிக்காவில் சிறுபான்மையினரின் உணவகங்களுக்கு மானியம் கொடுத்தார்களாம். மட்டக்களப்பில் அம்மா நடத்தும் சின்னச் சாப்பாட்டுக் கடைக்கு அப்படி ஏதும் எடுக்கலாமா?

கேள்வியில் நீங்கள் எழுதியது இவ்வளவுதான். அம்மா ஏழு வருடமாகக் காலையில் புட்டும் இடியப்பமும், மத்தியானம் சோற்றுப் பார்சலும் விற்கிறார். சிறுபான்மையினரின் உணவகங்களுக்கு அமெரிக்கா திருப்பிக் கொடுக்கத் தேவையில்லாத பணம் தருகிறது என்று வட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்திருக்கிறது. அதற்குப் படிவம் நிரப்பித் தர ஒருவர் 5,000 ரூபா கேட்கிறார்.

அந்த 5,000 ரூபாவைக் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் பிறகு.

அந்தச் செய்தியின் அடியில் ஓர் உண்மைக் கதை இருக்கிறது. கொரோனாவில் அடிபட்ட உணவகங்களுக்காக அமெரிக்கா 2021இல் 2,860 கோடி டொலர் ஒதுக்கியது. அந்த நாட்டுச் சிறுதொழில் நிர்வாகம் மே 3ஆம் திகதி விண்ணப்பம் எடுக்கத் தொடங்கியது. முதல் 21 நாளும் பெண்கள், முன்னாள் படையினர், சமூகத்திலும் பொருளாதாரத்திலும் பின்தள்ளப்பட்டவர்கள் (சிறுபான்மை இனத்தவர் இதற்குள்தான் வருவார்கள்) ஆகியோரின் கடைகளுக்கு முன்னுரிமை. 20 கிளைக்கு மேல் வைத்திருந்த பெரிய ஆட்களுக்குக் கிடையாது. 2 லட்சத்து 78 ஆயிரத்துக்கு மேற்பட்ட கடைக்காரர்கள் கேட்டார்கள். கிடைத்தது ஏறக்குறைய 1 லட்சத்து ஓராயிரம் பேருக்கு. ஜூலையில் காசு தீர்ந்து கதவை மூடிவிட்டார்கள். இப்போது அப்படியொரு வரிசையே இல்லை. இருந்த காலத்திலும் அது அமெரிக்காவில் நடக்கும் கடைகளுக்கு மட்டும்தான்.

இதில் என் மனதை வருத்திய பகுதி ஒன்று உண்டு. டென்னசி மாநிலத்து உணவகக்காரர் ஒருவர், இனத்தையும் ஆண் பெண்ணையும் பார்த்து வரிசை வைப்பது அநியாயம் என்று வழக்குப் போட்டார். மே மாதக் கடைசியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அதே மாதிரி டெக்சாசிலும் வழக்குகள் இருந்தன. முடிவில், "உங்களுக்குப் பணம் அங்கீகரிக்கப்பட்டுவிட்டது" என்று கடிதம் வாங்கியிருந்த 2,965 கடைக்காரர்களுக்கு, அந்தப் பணம் வராது என்று மறுகடிதம் போனது. கடிதத்தை நம்பி வேலையாளைத் திரும்பக் கூப்பிட்டவர்கள், வாடகைப் பாக்கிக்குத் தவணை சொன்னவர்கள் அதில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! சிறுபான்மை என்ற பெயரில் வரும் உதவி நியாயமானது என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனாலும் அந்தப் பெயரை மட்டும் நம்பிக் கடையின் கணக்கைப் போடக் கூடாது.

சரி, நம்முடைய ஊருக்கு வருவோம்.

இங்கே "சிறுபான்மை உணவக மானியம்" என்று பெயர் எழுதிய படிவம் எதையும் நான் கடை நடத்தும் இந்தப் பன்னிரண்டு வருடத்தில் கண்டதில்லை. நாட்டுக் கணக்கில் நாம் சிறுபான்மை. மட்டக்களப்பு மாவட்டத்தில் 2012 கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு எழுபதுக்கு மேல் தமிழர், கால்வாசி முஸ்லிம்கள். அம்பாறைக்குப் போனால் முஸ்லிம்கள் முதலாவது, சிங்களவர் இரண்டாவது, தமிழர் மூன்றாவது. அம்பாறையின் கல்முனையில் கடை வைத்திருப்பவரையும் மட்டக்களப்பின் களுவாஞ்சிக்குடியில் வைத்திருப்பவரையும் ஒரே சொல்லால் அளக்க முடியாது. நான் கண்ட படிவங்களில் கேட்பது வேறு. குடும்பத்தைத் தாங்குவது பெண்ணா, மாதம் என்ன வருமானம், வெள்ளத்திலோ போரிலோ இழப்பு உண்டா, வீட்டில் மாற்றுத்திறனாளி இருக்கிறாரா, இதற்கு முன் வேறு உதவி எடுத்தீர்களா. தொண்டு நிறுவனம் கொடுத்தாலும் பெயர்ப்பட்டியல் பெரும்பாலும் பிரதேச செயலகம் வழியாகத்தான் போகும். கையில் காசு தருவது குறைவு. பொருளாகத் தருவார்கள், அதிலும் ஒரு பங்கை நாம் போட வேண்டியிருக்கும்.

இன்னொன்று, "அரசாங்க உதவி" என்று ஊரில் சொல்வதில் பாதி கடன். 2018இல் வந்த எண்டர்பிரைஸ் ஸ்ரீலங்காவை எங்கள் பக்கத்தில் பலர் மானியம் என்றே நினைத்தார்கள். அது வட்டியில் ஒரு பகுதியை அரசு ஏற்ற வங்கிக் கடன். கையெழுத்துப் போடுமுன் "இது திருப்பிக் கட்ட வேண்டியதா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

இனி என் கதை. கல்லடியில் எனக்கும் இதே மாதிரி ஒரு கடைதான். 2016இல் ஒரு தொண்டு நிறுவனம் சிறு உணவுக் கடைகளுக்கு உதவுகிறது என்று கேள்விப்பட்டு நேர்முகத்துக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மரியாதையாகத்தான் கேட்டார்: "ஒரு நாளைக்கு எத்தனை பார்சல் போகும்?" "நல்லாப் போகும் சேர்" என்றேன். "செலவு போகக் கையில் என்ன நிற்கும்?" "சமாளிக்கக் கூடியதாய் நிற்கும்." அவர் பேனையை மூடி வைத்தது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.

எனக்குப் பிறகு காத்தான்குடியிலிருந்து வந்த ஒரு பெண். பையிலிருந்து தடித்த அட்டை போட்ட ஒரு சி.ஆர். கொப்பியை எடுத்து மேசையில் விரித்தார். ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கம்: மா எத்தனை கிலோ, தேங்காய் எத்தனை, காஸ் எந்தத் திகதியில் மாற்றியது, எத்தனை விற்றது, எத்தனை மிஞ்சியது, யார் கடன் சொன்னது. அவருக்குக் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. பஸ் தரிப்பிடத்தில் அவர் பக்கத்தில் போய் நின்று, எப்படி எழுதுவது என்று கேட்டேன். "படுக்குமுன் பத்து நிமிசம், அவ்வளவுதான்" என்றார். அன்றிரவே மகளின் பழைய கொப்பியில் மிச்சமிருந்த தாள்களில் தொடங்கினேன்.

எழுதத் தொடங்கிய பிறகுதான் என் கடையே எனக்குத் தெரிந்தது. அதுவரை எனக்கு ஆசை கண்ணாடி அலுமாரி மேல். வடையும் ரோல்ஸும் அதற்குள் மின்னினால் கூட்டம் வரும் என்று நினைத்தேன். கொப்பி வேறு ஒன்றைக் காட்டியது. ஒரு நாளைக்கு 14 தேங்காய். புட்டுக்கு, சம்பலுக்கு, சொதிக்கு, மத்தியானக் கறிக்கு. திருவலையில் குந்தியிருந்து அத்தனையையும் திருவி முடிக்க ஒன்றரை மணி நேரம். விடியச் சாமம் மூன்று மணிக்கு எழும்பியும் ஆறரைக்குத்தான் முதல் புட்டு இறங்கியது. கட்டட வேலைக்குப் போகிறவர்கள் ஆறு மணிக்கே கடையைத் தாண்டிப் போய்விடுவார்கள். மாமி ஒரு நாள் கொப்பியை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என்னகா, உனக்குத் தேவை அலுமாரி இல்ல, தேங்காய் திருவுற மெசின்."

அடுத்த முறை வேறொரு திட்டத்தில் மெசினைத்தான் கேட்டேன். பதினொரு மாதக் கணக்கு கையில் இருந்தது. மூன்று கடையில் விலை எழுதி வாங்கிக் கொடுத்தேன். மூன்றில் ஒரு பங்கு நான் போட்டேன், மிச்சம் அவர்கள். மெசின் வந்த கிழமையிலிருந்து ஆறு மணிக்கு முன்னால் புட்டு இறங்குகிறது. காலை விற்பனை 40 பேரிலிருந்து 65 பேருக்குப் போனது அதனால்தான்.

2022இல் பொருளாதார நெருக்கடி வந்தபோதும் அந்தக் கொப்பிதான் என்னைக் காப்பாற்றியது. ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாவுக்கு ஏறியது, ஏறிய விலைக்கும் கிடைக்கவில்லை. ஒரு சிலிண்டரில் எத்தனை பார்சல் சமைக்கலாம் என்று எனக்கு எண்ணிக்கையாகத் தெரியும். மூன்று கறியை இரண்டாக்கினேன், சோற்றை விறகுக்கு மாற்றினேன், பார்சல் விலையை எவ்வளவு ஏற்ற வேண்டுமோ அவ்வளவு ஏற்றினேன். எங்கள் வீதியில் மூன்று கடை மூடியது.

அந்த அமெரிக்க மானியத்திலும் தொகையைப் போட்டது கணக்கை வைத்துத்தான். 2019 விற்பனையிலிருந்து 2020 விற்பனையைக் கழித்து, சம்பளத்துக்கென்று ஏற்கெனவே அரசு கொடுத்த கடனையும் கழித்து வருவதுதான் பெரும்பாலான கடைகளுக்குரிய தொகை. கணக்கு இல்லாதவர் அங்கேயும் வரிசைக்குள் நிற்க முடியாது.

ஆகவே அம்மாவுக்கு இன்றிரவே ஒரு கொப்பி வாங்கிக் கொடுங்கள். அம்மா சொல்லச் சொல்ல நீங்கள் எழுதினாலும் போதும். அதோடு கடைக்குப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். வியாபாரப் பெயர்ப் பதிவுக்குக் கிராம உத்தியோகத்தரிடம் தொடங்கிப் பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும். வருடாந்த உரிமம் மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ. அதற்கு பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பார்ப்பார். பி.எச்.ஐ. என்றதும் பயப்படுகிறவர்கள் உண்டு. நான் நானாகவே போய் அழைத்து வந்தேன். கழிவுநீர்க் குழியை மூடச் சொன்னார், குடிநீர்த் தாங்கிக்கு மூடி போடச் சொன்னார். இரண்டும் இரண்டு நாள் வேலை. பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் அம்மாவின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் கொடுத்து வையுங்கள். திட்டம் வந்த பிறகு ஓடிப் போனால் பட்டியல் முடிந்திருக்கும்.

இடமே இல்லாத பெண்களுக்கு நான் கண்ட நல்ல வழி, வடக்கில் மாகாண விவசாயத் திணைக்களம் நடத்தும் அம்மாச்சி உணவகம் மாதிரியானது. கட்டடத்தை அரசு தருகிறது, சமைத்து விற்பது அந்த ஊர்ப் பெண்கள். வாடகை என்ற பெரிய பாரம் இறங்கிவிடுகிறது. நம்முடைய பக்கத்திலும் அது பெருக வேண்டும் என்று போகிற கூட்டங்களிலெல்லாம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

உங்கள் கடை எந்தப் பிரதேச செயலகப் பிரிவு என்று நீங்கள் எழுதவில்லை. எங்கள் மண்முனை வடக்கு என்றால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் கல்லடிக்கு வாருங்கள், பழைய கொப்பிகளைக் காட்டுகிறேன். பத்து மணிக்குப் பிறகு வாருங்கள், அதற்கு முன்னால் புட்டுக்கு ஆட்கள் நிற்பார்கள், இருந்து கதைக்க முடியாது.