பெரிய கைகள் வாங்கினால் நாமும் வாங்கலாமா?

கேள்வி: அமெரிக்கச் சந்தையில் ஒரு சிப் நிறுவனத்தின் பங்கை வாங்க நினைக்கிறேன். பெரிய ஃபண்டுகள் போன காலாண்டில் அதை நிறைய வாங்கியிருக்கின்றன. ஆனால் அதே பங்கில் ஷார்ட் (பெரும்பாலும் விலை விழும் என்று நினைத்து, கடன் வாங்கி விற்று, பிறகு திரும்ப வாங்கிக் கொடுக்க வேண்டிய பங்குகள்) 12 சதவீதம் என்றும் காட்டுகிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டுமே உண்மையாக இருக்கலாம். ஆனால் இரண்டும் பழைய செய்தி. 10 கோடி டாலருக்கு மேல் பங்குகளை நிர்வகிப்பவர்கள், காலாண்டு முடிந்த 45 நாளுக்குள் 13எஃப் என்ற படிவத்தில் கையிருப்பைச் சொல்ல வேண்டும். அதனால் மார்ச் 31 நிலவரம் பெரும்பாலும் மே நடுவில்தான் நமக்குத் தெரியவரும். வாங்கியவர் ஏப்ரலிலேயே விற்றுவிட்டுப் போயிருக்கலாம். அவர் ஷார்ட் செய்திருந்தால் அதுவும் அந்தப் படிவத்தில் வராது.

அப்புறம், வாங்கியது யார் என்று பாருங்கள். 2024 நவம்பரில் டவ் ஜோன்ஸ் குறியீட்டில் இன்டெல் வெளியேறி என்விடியா உள்ளே வந்தது. அந்தக் குறியீட்டைப் பின்பற்றும் ஃபண்டுகள் ஒன்றை விற்று இன்னொன்றை வாங்கியே ஆக வேண்டும். அப்படி வாங்குவதை நம்பிக்கை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இன்னும் திரும்ப வாங்காத ஷார்ட் பங்குகளின் கணக்கு மாதம் இருமுறைதான் வரும். தினமும் வெளியாகும் ஷார்ட் விற்பனை அளவு வேறு. அதில் சந்தையை நடத்தும் தரகர்களின் அன்றாட விற்பனையும் கலந்திருக்கும், அதை விட்டுவிடுங்கள். சதவீதத்தோடு, திரும்ப வாங்க எத்தனை நாள் ஆகும் என்பதையும் பாருங்கள். 3 கோடி பங்குகள் ஷார்ட், தினசரி வர்த்தகம் 60 லட்சம் என்றால் 5 நாள்.

சிப் துறையில் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. பல நிறுவனங்கள் பங்காக மாற்றக்கூடிய கடன் பத்திரங்களை வெளியிட்டிருக்கின்றன. பத்திரத்தை வாங்கும் ஹெட்ஜ் ஃபண்ட் (பெரும் பணக்காரர்கள், நிறுவனங்களின் பணத்தை நிர்வகிக்கும் ஃபண்ட்), பங்கு விழுந்தால் பத்திரத்தில் வரும் நஷ்டத்தை ஈடுகட்ட, அந்தப் பங்கை ஷார்ட் செய்யும். நிறுவனம் கெடும் என்று அது நினைக்க வேண்டியதே இல்லை. அதற்காக எல்லா ஷார்ட்டையும் இப்படி ஒதுக்கிவிடவும் முடியாது. இத்தகைய பத்திரங்களை நிறைய வெளியிட்ட வுல்ஃப்ஸ்பீட் என்ற அமெரிக்கச் சிப் நிறுவனத்தில் ஷார்ட் மிக அதிகமாக இருந்தது. 2025 ஜூனில் அது திவால் பாதுகாப்பு கோரியது; பழைய பங்குதாரர்களுக்கு மிஞ்சியது மிகச் சொற்பம்.

உங்கள் நிறுவனத்துக்கு அப்படிப் பத்திரம் உண்டா என்று ஆண்டறிக்கையின் கடன் பகுதியில் தேடுங்கள். இல்லையென்றால், நான் அந்த 12 சதவீதத்தைக் கவனமாகவே எடுத்துக்கொள்வேன். விற்பனையைவிடச் சரக்கிருப்பு வேகமாக ஏறுகிறதா என்று கடைசி நான்கு காலாண்டுகளைப் பார்க்காமல் பணம் போட மாட்டேன்.