காரும் நீங்களும்: தூணுல உரசுன கோடு போகுமா?

அண்ணே, எங்க புளோக் மல்ட்டி ஸ்டோரி கார்பார்க்ல லாட்டுல இருந்து வெளிய எடுக்கறப்ப இடது பின்கதவு தூணுல உரசிருச்சு. வெள்ளை டொயோட்டா. ஒரு முழ நீளத்துக்கு மஞ்சக் கலர் பட்டையா ஒட்டிக்கிட்டு இருக்கு, நடுவுல ரெண்டு மூணு கோடு கருப்பாவும் தெரியுது. ஒர்க்‌ஷாப்ல கேட்டா கதவு முழுசா அடிக்கணும், 350 வெள்ளின்னு சொல்றாங்க. வீட்டுலயே ஏதாச்சும் பண்ண முடியுமா? வீட்டுக்காரர் இன்னும் பாக்கல!
- வாசகி, செங்காங்

தங்கச்சி, அந்த மஞ்சக் கலர்ல முக்காவாசி உங்க கார்ல பட்ட காயமே இல்ல, தூணோட பெயின்ட்டு உங்க கதவு மேல ஏறி உக்காந்திருக்கு, அதை எடுத்துட்டாதான் உள்ள உண்மையிலயே என்ன ஆச்சுன்னே தெரியும். அதுக்கு முன்னாடி 350 வெள்ளிக்கு தலையாட்டிராதீங்க.

மொதல்ல கார் ஷாம்பு போட்டு நல்லா கழுவுங்க, மண்ணு ஒட்டியிருக்கறப்ப தேச்சா புதுசா நூறு கோடு விழும். கழுவிட்டு கதவு ஈரமா இருக்கறப்பவே பாருங்க, தண்ணி பட்டதும் மறையிற கோடெல்லாம் கலருக்கு மேல நிறமில்லாம பூசியிருக்கற கிளியர் கோட்ல மட்டும் விழுந்தது, அது போயிரும். அப்புறம் நகத்தை குறுக்க லேசா இழுத்துப் பாருங்க, நகம் தட்டி நின்னா ஆழமா போயிருக்குன்னு அர்த்தம். ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க, அந்த கிளியர் கோட் பொதுவா 40, 50 மைக்ரான்தான் இருக்கும், ஏ4 பேப்பர் கனத்துல பாதி. தேய்க்கிற ஒவ்வொரு தடவையும் அதுல கொஞ்சம் போகும், போனது திரும்ப வராது. அதனால எப்பவும் சாதுவான பொருள்ல இருந்து ஆரம்பிங்க.

பார்மசில கிடைக்கிற ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை மைக்ரோஃபைபர் துணில கொஞ்சமா நனைச்சு, மறைவான இடத்துல வச்சுப் பாத்துட்டு அப்புறம் மஞ்சள் மேல தேயுங்க. அதுக்கு மசியலன்னா கிளே பார்னு களிமண் மாதிரி மெத்துன்னு ஒரு கட்டி இருக்கு, அதை வாங்கி, கதவு வழுக்குற மாதிரி அதுக்கான ஸ்பிரே அடிச்சுட்டு அழுத்தாம முன்னப் பின்ன இழுங்க, ஒட்டுன பெயின்ட்டு அதுலயே ஏறி வந்துரும். அப்புறமும் நிழல் மாதிரி மிச்சம் இருந்தா ஸ்க்ராட்ச் ரிமூவரோ, தேய்க்கிற பசையான ரப்பிங் காம்பவுண்டோ ஒரு பொட்டு எடுத்து, உள்ளங்கை அளவு இடமா பிரிச்சுக்கிட்டு தேய்ங்க, துடைங்க, பாருங்க. கடைசில வேக்ஸ் போடுங்க. எல்லாத்தையும் காலைல கூரை உள்ள தளத்துலயே பண்ணுங்க, மேல்தளத்துல மத்தியான வெயில்ல கதவு கொதிக்கும், காம்பவுண்டு அப்படியே காஞ்சு பிடிச்சுக்கும். நெயில் பாலிஷ் ரிமூவர் வேணவே வேணாம், அசிட்டோன் உங்க பெயின்ட்டையும் சேத்துக் கரைச்சிரும். பாத்திரம் தேய்க்கிற மேஜிக் ஸ்பாஞ்சும் பாக்க மெத்துன்னு இருந்தாலும் மெல்லிசான உப்புத்தாள்தான், பளபளப்பு போயி மங்கலா நிக்கும்.

இப்ப அந்த கருப்புக் கோடு. அது மேல ஒட்டுன அழுக்கா இருந்தா இதுலயே போயிருக்கும். போகாம நகமும் தட்டுச்சுன்னா பெயின்ட்டு கிழிஞ்சிருக்கு, கதவு இரும்புத் தகடு, நம்ம ஊரு ஈரத்துக்கு துரு ஏற ரொம்ப நாள் ஆகாது, உடனே மூடிருங்க. பம்பரா இருந்தா பிளாஸ்டிக், துருப் பிடிக்காது, அழகு போனதுதான் கவலை. அதை மூடறதுக்கு சின்ன பாட்டில்ல வர்ற டச்சப் பெயின்ட் வாங்கறப்ப வெள்ளைன்னு மட்டும் சொல்லாதீங்க, டிரைவர் கதவைத் திறந்தா ஓரத்துல இருக்கற ஸ்டிக்கர்ல கலர் குறியீட்டு நம்பர் இருக்கும். 040ன்னு இருந்தா சாதா வெள்ளை, சுலபமா சேரும். 070ன்னு இருந்தா முத்து வெள்ளை, அது வெள்ளை, முத்துப் பூச்சு, கிளியர்னு மூணு அடுக்கு, பேனாவுல எவ்வளவு அழகா வச்சாலும் ஒரு கோணத்துல பாத்தா தெரியத்தான் செய்யும், அதுக்கு மனசைத் தேத்திக்கங்க. பாட்டில்ல வர்ற பிரஷ் தடிமன், பல்குத்தும் குச்சி நுனில தொட்டு கோட்டுக்குள்ள மட்டும் வைங்க, மெல்லிசா வச்சு காயவிட்டு மறுபடி வைங்க. மழை நாள்ல வேணாம்.

வீட்டுக்காரர்கிட்ட சொல்லிருங்க தங்கச்சி, அவரே பாத்து கேக்குறதுக்கு இது மேல்.

டபிள்யூடி-40 எண்ணெய் ஸ்பிரே அடிச்சா கோடு மறையுதுன்னு வாட்ஸ்அப்ல வீடியோ வந்துச்சு, பண்ணிப் பாத்தேன் நெசமாவே மறைஞ்சுது, ரெண்டு மழைக்கு அப்புறம் திரும்ப வந்துருச்சு. ஏன்?
- வாசகர், ஈசூன்

ஏன்னா அது மறையவே இல்ல சார், எண்ணெய் கோட்டுக்குள்ள நிரம்பி நின்னதால வெளிச்சம் சிதறாம உங்க கண்ணுக்கு தெரியாம இருந்துச்சு, பச்சத் தண்ணி ஊத்துனாலும் கொஞ்ச நேரம் அப்படித்தான் இருக்கும். மழை எண்ணெயைக் கழுவிருச்சு. வீடியோ எடுக்கறவங்க மறுவாரம் வந்து காட்டுறதில்லையே! ரோட்டுத் தார் புள்ளி ஒட்டுனா மட்டும் அதை அடிச்சுத் துடைங்க, அதுக்கு நல்லாவே வேலை செய்யும். டூத்பேஸ்ட் தேச்சா கோடு போகும்னு சொல்றதையும் பெருசா நம்பாதீங்க, அதுல தேய்க்கிற துகள் இருக்கு, ரொம்ப மேலோட்டமான கோட்டுக்கு ஏதோ பண்ணும், ஆனா காருக்குன்னு செஞ்ச காம்பவுண்டு இருக்கறப்ப அது எதுக்கு?

வாடகைக் கார் எடுத்து பிரைவேட் ஹையர் ஓட்டுறேன் அண்ணே, பார்க்கிங்ல யாரோ இடிச்சு பின் பம்பர்ல நீலப் பெயின்ட் ஒட்டியிருக்கு. நானே எடுத்துரலாமா?
- வாசகர், உட்லண்ட்ஸ்

கை வைக்காதீங்க தம்பி, உங்க காரா இருந்தா வேற கதை. அந்த நீலப் பெயின்ட்டுதான் இடிச்சது இன்னொரு வண்டின்றதுக்கு உங்ககிட்ட இருக்கற ஆதாரம், துடைச்சுட்டா எல்லாம் உங்க தலையில விழும். கிட்டயும் தள்ளியும் நின்னு படம் எடுங்க, லாட் நம்பர் தெரியற மாதிரி ஒண்ணு, டேஷ்கேம் பார்க்கிங் மோடுல இருந்திருந்தா மெமரி கார்டை உடனே உருவி வைங்க, இல்லன்னா பழசு அழிஞ்சு அது மேலயே புதுசு பதிவாயிரும். வாடகை கம்பெனிக்கு அன்னைக்கே சொல்லிருங்க, விபத்தை 24 மணி நேரத்துக்குள்ள, இல்லன்னா அடுத்த வேலை நாளுக்குள்ள இன்சூரன்ஸ் பக்கம் தெரிவிக்கணும்ங்கறது இங்க சிங்கப்பூர்ல முறை, சின்ன உரசலும் அதுல சேத்திதான். அவங்க பாத்துட்டு "நீயே பாலிஷ் பண்ணிக்க"ன்னு சொன்னா அதை வாட்ஸ்அப்ல எழுதி வாங்கிட்டு அப்புறம் கிளே பாரை எடுங்க.