கணையத்தில் நீல நிறம்: கேள்விகளும் என் பதில்களும்

டர்பன் தமிழ்க் குழுவில் கணையத்தைப் பற்றி நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. எண்டோஸ்கோபி அல்ட்ராசவுண்ட் பார்ப்பதுதான் என் வேலை. அதற்குள் வருவதற்கு விரிவாகவும் மற்றதற்குச் சுருக்கமாகவும் எழுதுகிறேன்.

சாட்ஸ்வொர்த் சகோதரி: அப்பாவுக்குக் கணையத்தின் தலைப்பகுதியில் 3 சென்டிமீட்டர் கட்டி. எலாஸ்டோகிராபியில் நீலமாகத் தெரிந்ததாம். நீலம் என்றால் கேன்சர்தான் என்று அண்ணன் நெட்டில் படித்துவிட்டுச் சொல்கிறார். வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

முதலில் எல்லோரும் சாப்பிடுங்கள் அம்மா. எலாஸ்டோகிராபி என்பது திசு எவ்வளவு கெட்டி என்று நிறத்தில் காட்டும் சோதனை. பெரும்பாலான மெஷின்களில் நீலம் என்றால் கெட்டி, பச்சையும் சிவப்பும் என்றால் மிருது. அந்த நிறம் சொல்வது அவ்வளவுதான்.

வாய் வழியாகப் போகும் குழாயின் நுனியில் அல்ட்ராசவுண்ட் இருக்கிறது. இரைப்பைச் சுவருக்கு அந்தப் பக்கமே கணையம் என்பதால் மிக அருகிலிருந்து பார்க்கலாம். மாம்பழம் பழுத்துவிட்டதா என்று விரலால் அழுத்திப் பார்ப்போமே, அதே வேலைதான், ஆனால் இங்கே அழுத்துவது பக்கத்தில் துடிக்கும் பெருந்தமனியும் மூச்சும். எந்த இடம் எவ்வளவு நசுங்குகிறது என்று கணக்குப் போட்டு மெஷின் நிறம் பூசுகிறது.

சிக்கல் எங்கே என்றால், கணையக் கேன்சர் தன்னைச் சுற்றி நிறைய நார்த்திசுவை வளர்த்துக்கொள்கிறது, அதனால்தான் கெட்டியாக இருக்கிறது. பல வருடம் அழற்சி இருந்த கணையமும் தழும்பேறி, சுண்ணாம்பு படிந்து, அதே நார்த்திசுவால்தான் கெட்டியாகிறது. இரண்டும் நீலமாகத் தெரிவதில் ஆச்சரியமே இல்லை. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், கேன்சர் உள்ள 100 பேரில் ஏறத்தாழ 95 பேருக்கு இந்தச் சோதனை கேன்சர் என்று காட்டுகிறது, ஆனால் கேன்சர் இல்லாத 100 பேரிலும் 30 பேருக்கு மேல் அப்படியே காட்டிவிடுகிறது. ஆகவே இதன் உண்மையான பலன் மறுபக்கத்தில் இருக்கிறது. மிருதுவாகத் தெரிந்தால் பெரிய நிம்மதி. நீலமாகத் தெரிந்தால் அடுத்த கட்டம் ஊசிப் பரிசோதனை, அதாவது கட்டியில் ஊசி குத்திக் கொஞ்சம் திசு எடுத்து லேபில் பார்ப்பது. நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

ஃபீனிக்ஸ் தம்பி: அறிக்கையில் ஸ்ட்ரெயின் ரேஷியோ 18 என்று போட்டிருக்கிறது. ரொம்ப அதிகமா?

அதிகம்தான், ஆனால் அது சர்க்கரை அளவு போலத் தனியாக நிற்கும் எண் அல்ல. கட்டிக்குள் ஒரு வட்டம், பக்கத்து மிருதுவான திசுவில் இன்னொரு வட்டம், இரண்டும் எவ்வளவு நசுங்குகின்றன என்ற விகிதம் அது. இரண்டாவது வட்டத்தைக் கொஞ்சம் நகர்த்தினாலே எண் மாறும். நான் பார்க்கும்போது கட்டியும் சுற்றுத்திசுவும் சேர்ந்து திரையில் நிறம் காட்டும் பெட்டிக்குள் வரவேண்டும், பெரிய ரத்தக்குழாய் உள்ளே வரக்கூடாது, நிறம் மினுக்காமல் சில நொடி நிலையாக நிற்க வேண்டும், அதன் பிறகுதான் அளக்கிறேன், அதையும் பல முறை. எந்த எண்ணுக்கு மேல் சந்தேகம் என்பதே ஆய்வுக்கு ஆய்வு வேறுபடுகிறது. நிறத்தைப் போலவே எண்ணை வைத்தும் முடிவு செய்யாதீர்கள்.

டோங்காட் வாசகர்: மடும்பி சாப்பிட்டால் கணையம் கெடுமா?

கெடாது. சந்தேகம் எழுந்தது மரவள்ளியின் மேல், கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் இளம் வயதிலேயே வரும் கணைய அழற்சிக்காக, அதுவும் நிரூபணமாகவில்லை. மடும்பி நம் சேப்பங்கிழங்கு.

வெருலம் ஐயா: ஊசி குத்தினால் கேன்சர் பரவும் என்று எங்கள் குடும்பத்திலேயே பார்த்திருக்கிறோம். நீலமாகத் தெரிந்தால் நேரே ஆபரேஷன் செய்தால் என்ன?

ஐயா, உங்கள் கேள்வியில் பாதி சரி. ஸ்கேனில் கேன்சரின் அடையாளம் தெளிவாக இருந்து, எடுக்கக்கூடிய நிலையிலும் இருந்தால், ஊசி போடாமலே ஆபரேஷன் செய்வது உண்டு. கீமோதெரபியை முதலில் கொடுப்பதென்றால் ஊசி கட்டாயம்.

பரவுவது பற்றி: தலைப்பகுதிக் கட்டிக்கு ஊசி முன்சிறுகுடல் வழியாகப் போகிறது, ஆபரேஷனில் அந்தப் பகுதியையும் சேர்த்து எடுத்துவிடுகிறார்கள். நடுப்பகுதிக்கும் வாலுக்கும் இரைப்பை வழியாகப் போவதால், ஊசி போன தடத்தில் கேன்சர் வந்ததாக அரிதாகச் சில பதிவுகள் உண்டு, அதை மறைக்கமாட்டேன். ஆனால் ஊசி போட்ட பிறகு நோய் முற்றியதைப் பார்த்தவர்கள் ஊசியைக் குற்றம் சொல்கிறார்கள். இந்த நோய் ஊசி இல்லாமலும் அதே வேகத்தில்தான் முற்றும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் சகோதரர்: ஐயா சொல்வதுதான் சரி. சந்தேகம் வந்தால் வெட்டி எடுத்துவிடுவது நல்லதுதானே?

இல்லை. தலைப்பகுதியை எடுப்பது என்றால் முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக்குழாயின் ஒரு பகுதி எல்லாம் சேர்ந்து போகும் பெரிய ஆபரேஷன். அப்படி எடுத்த பிறகு லேபில் வெறும் அழற்சி என்று வந்தவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். தன்னெதிர்ப்பு கணைய அழற்சி என்று ஒன்று உண்டு, உடலின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தைத் தாக்குவது. அதில் கட்டி மட்டுமல்ல, பெரும்பாலும் கணையம் முழுவதுமே விறைத்துத் தெரியும், எலாஸ்டோகிராபி உண்மையிலேயே கைகொடுக்கும் இடம் அது. ரத்தத்தில் ஐஜிஜி4 என்ற எதிர்ப்புப் புரதம் கூடியிருக்கலாம், ஸ்டீராய்டு கொடுத்தால் சில வாரத்தில் சுருங்கிவிடும். மாத்திரையில் தீரும் நோய்க்கு வயிற்றைத் திறக்கச் சொல்கிறீர்களா? மறுபக்கம், கேன்சர் இருப்பவருக்கு ஸ்டீராய்டு கொடுத்து நாளைக் கடத்துவதும் ஆபத்து, சில கேன்சர்களிலும் ஐஜிஜி4 கொஞ்சம் ஏறும். அதற்காகத்தான் ஊசி.

வெருலம் ஐயா மறுபடியும்: ஊசியில் கேன்சர் இல்லை என்று வந்து, பிறகு இருந்தால்?

நல்ல கேள்வி. தழும்பேறிய கணையத்தில் ஊசி தவறான இடத்தில் விழுந்து, இல்லை என்று வரலாம். அப்போதுதான் எலாஸ்டோகிராபியும், சாயம் ஏற்றிப் பார்க்கும் அல்ட்ராசவுண்டும் எங்கே குத்துவது என்று வழிகாட்டுகின்றன. கேன்சரில் பெரும்பாலும் சாயம் குறைவாகவே ஏறும். சந்தேகம் தீராவிட்டால் மறுபடியும் ஊசி, சில வாரத்தில் மறுபடியும் ஸ்கேன்.

ஊசியால் கேன்சர் பரவுமா என்று இன்னும் நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள். பதில் மேலே இருக்கிறது, தயவுசெய்து படியுங்கள்.

ஐசிபிங்கோ அக்கா: சிஏ 19-9 நார்மல். அப்போ கேன்சர் இல்லைதானே?

அப்படிச் சொல்ல முடியாது. சிஏ 19-9 என்பது கணையக் கேன்சரில் ரத்தத்தில் ஏறக்கூடிய ஒரு பொருள். சிலரின் உடல் அந்தப் பொருளைச் சுரப்பதே இல்லை. காமாலை இருந்தால் கேன்சர் இல்லாமலும் அது ஏறும். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகச் சர்க்கரை வந்து எடையும் குறைந்தால் ஸ்கேன் கேளுங்கள், இதை எத்தனை தரம் வேண்டுமானாலும் சொல்வேன்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து இன்னொருவர்: மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) இல்லை. ஆல்பர்ட் லுத்துலி ஆஸ்பத்திரிக்கு நேரே போகலாமா?

முடியாது, ரெஃபரல் வேண்டும். ஆர். கே. கான் ஆஸ்பத்திரியில் தொடங்குங்கள். பழைய ஸ்கேன் சிடியையும் கையோடு கொண்டு போங்கள்.

பித்தப்பைக் கல்லுக்கு மருந்து?

சர்ஜனிடம் கேளுங்கள்.

நியூகாசல் வாசகி: அம்மா வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை) சாப்பிடுகிறார். வரும் வாரம் ஊசிப் பரிசோதனை. நாளையே நிறுத்திவிடவா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். எதற்காகக் கொடுத்தார்கள் என்பதைப் பொறுத்து முடிவு மாறும், செயற்கை வால்வு வைத்தவருக்கு அது உயிர் விஷயம். இன்றே எண்டோஸ்கோபி யூனிட்டுக்குப் போன் செய்து கேளுங்கள். திட உணவை 6 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும், சர்க்கரை மாத்திரை இருந்தால் அதையும் அதே போனில் சொல்லிவிடுங்கள்.