டெர்மினலில் ஓடுகிறது, ஆட்டோமேஷனில் 255: ஹோம் அசிஸ்டென்ட்டிலிருந்து ராஸ்பெர்ரி பைக்கு எஸ்எஸ்எச்

வீட்டுச் சாதனங்களை இயக்கும் ஹோம் அசிஸ்டென்ட்டிலிருந்து, ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் உள்ள பைத்தான் ஸ்கிரிப்டை எஸ்எஸ்எச் (வேறொரு கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) மூலம் ஓட்டுகிறீர்கள்; டெர்மினலில் ஓடும் அதே கமாண்ட் ஆட்டோமேஷனில் மட்டும் 255 என்ற பிழை எண்ணைத் தருகிறது என்கிறீர்கள். எஸ்எஸ்எச் சாவியையும் நோன் ஹோஸ்ட்ஸ் கோப்பையும் (நம்பலாம் என்று ஏற்ற கணினிகளின் பட்டியல்) ஹோம் அசிஸ்டென்ட்டின் கான்ஃபிக் ஃபோல்டருக்குள் வைத்து, ஷெல் கமாண்டில் இரண்டுக்கும் முழுப் பாதையைக் கொடுங்கள். 255 வந்தால் பெரும்பாலும் இணைப்பே அமையவில்லை. உங்கள் பைத்தான் ஸ்கிரிப்ட் மேல் தப்பில்லை.

டெர்மினல் ஆட்-ஆன் ஓடுவது ஒரு கன்டெய்னரில் (தனியாகப் பிரித்து வைத்த சூழல்), ஆட்டோமேஷன் ஓடுவது வேறொன்றில். அங்கே இருக்கும் சாவி இங்கே தெரியாது. முதல் தடவை இணையும்போது 'இந்தக் கணினியை நம்பலாமா' என்று எஸ்எஸ்எச் கேட்கும் கேள்விக்கு 'யெஸ்' சொல்லவும் இங்கே ஆளில்லை. காரைக்குடி வீட்டில் வளவு தாண்டி இரண்டாங்கட்டில் ராஸ்பெர்ரி பை இருப்பதால் வைஃபை மேல் சந்தேகம் என்கிறீர்கள். சுவர் கனம்தான், ஆனால் அதுதான் காரணமென்றால் டெர்மினலிலும் தடுமாறியிருக்குமே.

டெவலப்பர் டூல்ஸில் அந்தக் கமாண்டை நேரடியாக ஓட்டி, பதிலில் வரும் பிழைச் செய்தியைப் படியுங்கள். 'ஹோஸ்ட் கீ வெரிஃபிகேஷன் ஃபெயில்டு' என்றால் நோன் ஹோஸ்ட்ஸ் கோப்பில் சிக்கல். 'பர்மிஷன் டினைடு' என்றால் சாவியில் சிக்கல். சாவிக் கோப்பின் அனுமதி 600 (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத முடியும்) தானா என்றும் பாருங்கள்.

அப்புறம், ஷெல் கமாண்ட் 60 விநாடிக்கு மேல் காத்திருக்காது. நீளமான ஸ்கிரிப்ட் என்றால் ராஸ்பெர்ரி பையிலேயே பின்னணியில் ஓடவிடுங்கள்.