அப்பாவின் ஓய்வு விழா: ரயில் பெட்டி மேடைக்கு லோன் எடுக்கலாமா?

கேள்வி: நாங்கள் வியாசர்பாடி. அப்பா பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஷெல் (பெட்டியின் உடற்கூடு) பிரிவு வெல்டர், 1990-ல் சேர்ந்தவர். வரும் நவம்பர் 30-ல் ஓய்வு பெறுகிறார். மேடையே ரயில் பெட்டி மாதிரி அமைத்து அன்றைக்கே விழா எடுக்க ஆசை. 400 பேருக்குச் சாப்பாடு 1,40,000, மண்டபம் 90,000, ரயில் பெட்டி செட் 1,30,000, போட்டோ-வீடியோ 60,000, ஆக 4,20,000 ரூபாய். என் சேமிப்பு 1,20,000 இருக்கிறது. மீதி 3 லட்சத்துக்கு பர்சனல் லோன் எடுக்கலாமா? அப்பாவின் கிராஜுவிட்டியில் எடுக்கலாம் என்கிறான் தம்பி. மொய்யிலேயே பாதி வந்துவிடும் என்கிறார் மாமா.

பதில்: விழாவைக் கட்டாயம் எடுங்கள். 36 வருஷம் ரயில் பெட்டிக்கு உடம்பு கட்டியவருக்கு ஒரு நாள் மேடை போடுவது வீண் செலவே இல்லை. ஆனால் லோன் வேண்டாம்.

3 லட்சத்தை 14% வட்டியில் 3 வருஷத்துக்கு வாங்கினால் மாதம் சுமார் 10,250 ரூபாய் கட்ட வேண்டும். வட்டி மட்டும் 69,000 ரூபாய் போகும். விழா முடிந்த பிறகு 36 மாதம் இதைக் கட்ட முடியும் என்றால், விழாவுக்கு முன்பே மாதாமாதம் ஆர்.டி.யில் (தொடர் வைப்பு) போடவும் உங்களால் முடியும். நீங்கள் 11,000, தம்பி 8,000 போட்டால் 11 மாதத்தில் 2,09,000 சேரும், வட்டி தனி. கையிலிருக்கும் 1,20,000 வீட்டு அவசரத்துக்கு. அதைத் தொடாதீர்கள்.

தம்பியிடம் ஒரு கணக்கைக் காட்டுங்கள். அப்பாவின் 3 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், இப்போதைய 8.2% வட்டியில் 3 மாதத்துக்கு ஒருமுறை 6,150 ரூபாய் வரும். அப்பா அம்மாவின் மருந்துச் செலவுக்கு ஆகும் பணம் அது.

மாமா சொல்லும் மொய், நாளைக்கு நீங்கள் திருப்பிச் செய்ய வேண்டியது. அதை வரவில் எழுதாதீர்கள். இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. சொந்தக் கல்யாணத்துக்கு வரும் மொய்க்குத்தான் வருமான வரி கிடையாது. ஓய்வு விழாவுக்கு அந்தச் சலுகை இல்லை. சட்டம் உறவினர் என்று சொல்கிறவர்கள் கொடுத்தால் பரவாயில்லை. கூட வேலை செய்தவர்கள், நண்பர்கள் கொடுக்கும் பணம் ஒரு நிதியாண்டில் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகையும் அப்பாவின் வருமானத்தில் சேரும்.

இனி விழாவுக்கு வருவோம். எனக்கு உறுத்துவது அந்த 1,30,000 ரூபாய் செட். தெர்மாகோலும் பிளைவுட்டும் மறுநாள் காலை லாரியில் ஏறிவிடும். அதே பெட்டியை அடுத்த வாரம் ஏதோ ஒரு குழந்தையின் பிறந்தநாளுக்கு நிறுத்துவார்கள். அதில் உங்கள் அப்பா எங்கே இருக்கிறார்? அவர் சேர்ந்தபோது பெட்டிகள் கருஞ்சிவப்பு. அப்புறம் நீலம். பழைய வகைப் பெட்டி கடைசியாக ஐ.சி.எஃப்.பை விட்டுப் போனது 2018-ல். அதே வருஷம் வந்தே பாரத்தின் முதல் ரயிலும் அங்கேதான் உருவானது. ஒரே மனுஷன் இவ்வளவையும் பார்த்திருக்கிறார்! கோடவுன் தெருவில் கருஞ்சிவப்பு, நீலம், வெள்ளை என்று மூன்று நிறத்தில் துணி எடுத்து மேடையை மூன்று பகுதியாகக் கட்டுங்கள். அந்தந்தக் காலத்து போட்டோக்களைப் பெரிதாக்கி மாட்டுங்கள். நடுவில் ஒரு மேஜை போட்டு, அவருடைய வெல்டிங் கண்ணாடி, பழைய அடையாள அட்டை, டிபன் கேரியர் மூன்றையும் வையுங்கள்.

என் பெரியப்பா ஹார்பரில் ஓய்வு பெற்றபோது வீட்டு வாசலில் ஷாமியானா போட்டுச் சின்னதாகத்தான் செய்தோம். அவர் 20 வருஷம் தூக்கிப்போன, மூடி நசுங்கிய டிபன் பாக்ஸை மேஜையில் பார்த்ததும் கூட வேலை செய்தவர்கள் ஒவ்வொருவராக வந்து அதைத் தொட்டுப் பார்த்தார்கள். அன்றைக்கு மாட்டிய சீரியல் லைட் என்ன நிறம் என்று இப்போது யாருக்கும் ஞாபகமில்லை.

அழைப்பிதழைப் பழைய அட்டை டிக்கெட் மாதிரி அச்சடியுங்கள்: 'பெரம்பூரிலிருந்து வீடு வரை'. ஆண்டர்சன் தெருவில் கேட்டால் செய்து கொடுப்பார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடை போடுங்கள். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் நம் பக்கத்துக்குக் கொண்டு வந்த ருசி அது, வியாசர்பாடிக்காரருக்கு அதைவிடப் பொருத்தம் வேறில்லை.

செலவைக் குறைக்க முதலில் கை வைக்க வேண்டியது ஆள் கணக்கில். 220 பேர் போதும். அப்பாவோடு ஒரே ஷிஃப்டில் நின்றவர்கள் அதில் கட்டாயம் இருக்கட்டும். நவம்பர் 30 மழைக்காலம், முகூர்த்த நாட்களும் இருக்கும். டிசம்பர் கடைசி ஞாயிறுக்குத் தள்ளினால் மார்கழி. கல்யாணங்கள் இல்லாததால் மண்டபங்கள் காலியாக இருக்கும், வாடகையைப் பேசிக் குறைக்கலாம். ஆர்.டி.யில் போட 11-வது மாதச் சம்பளமும் கிடைத்துவிடும். மாநகராட்சி சமுதாயக் கூடத்துக்கும் விண்ணப்பித்துப் பாருங்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: 'ஜிஎஸ்டி சேர்த்தா, தனியா?' மண்டபத்துக்கும் அலங்காரத்துக்கும் 18%. உங்கள் பழைய கணக்கில் இந்த இரண்டுக்கு மட்டுமே 39,600 ரூபாய் கூடியிருக்கும். கரண்ட், ஜெனரேட்டர் டீசல், துப்புரவுக் காசு எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள்.

இலைக்கு அதே 350 ரூபாய் என்றால் சாப்பாடு 77,000. மண்டபம் 60,000, அலங்காரமும் அழைப்பிதழும் 35,000, டிரோன் இல்லாமல் போட்டோ 20,000 என்று எல்லாவற்றையும் வரியோடு பேசி முடியுங்கள். மொத்தம் 1,92,000. மீதி 17,000-ல் அத்தோ கடை போக, கடைசி நேரச் செலவுக்கும் கொஞ்சம் நிற்கும்.

ஆர்.டி. தேதியைச் சம்பளம் ஏறுவதற்கு மறுநாளாக வையுங்கள், தம்பிக்கும் அப்படியே.