எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு எந்த மிதவைக் கூரை?

கேள்வி: எண்ணூர் பக்கம் உள்ள எங்கள் எரிபொருள் கிடங்கில், 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைச் சேமிக்க 28 மீட்டர் விட்டத்தில் புதிய தொட்டி கட்டவிருக்கிறோம். மேலே திறந்த தொட்டியில் ஒற்றைத் தள பான்டூன் மிதவைக் கூரை (ஓரம் சுற்றி மூடிய காற்றறைகள், நடுவே ஒற்றைத் தகடு) போதும், செலவும் குறைவு என்கிறார் ஓர் ஒப்பந்ததாரர். நிலையான கூரையைப் போட்டு, உள்ளே அலுமினிய மிதவைக் கூரையை வைக்கச் சொல்கிறார் இன்னொருவர். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இரண்டாமவர் பேச்சை. ஆனால் அவர் தரப்போகும் அலுமினியக் கூரை எந்த ரகம் என்று கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

பெட்ரோலின் மேல் படுத்தபடி அதனுடனே ஏறி இறங்குவதுதான் மிதவைக் கூரை. ஆவி சேர இடம் கொடுக்காததால் இழப்பும் குறைகிறது, தீ அபாயமும் குறைகிறது. இந்த வேலையை இரண்டு வகையுமே செய்யும். உங்கள் ஊரில் வழக்கைத் தீர்த்துவைப்பது மழை.

திறந்த தொட்டியின் கூரையில் விழும் மழைநீர் நடுவிலுள்ள குழியில் சேர்ந்து, பெட்ரோலுக்குள்ளேயே இறங்கும் ஒரு குழாய் வழியாக வெளியேற வேண்டும். அந்தக் குழாய் அடைபட்டிருந்தாலும், 24 மணி நேரத்தில் பெய்யும் 250 மில்லிமீட்டர் மழையை ஒற்றைத் தளக் கூரை தாங்கி மிதக்க வேண்டும் என்கிறது அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் தொட்டித் தரநிலையான ஏ.பி.ஐ. 650. 28 மீட்டர் விட்டத்துக்கு அது ஏறத்தாழ 154 டன் தண்ணீர். 2015 டிசம்பர் முதல் தேதி மழையில் தாம்பரத்தில் பதிவானது 49 சென்டிமீட்டர். உங்கள் கூரையில் அது 300 டன்! அமெரிக்காவின் டெக்சாஸ் கரையில் 2017-இல் ஹார்வி புயல் கொட்டிய மழையில் பல மிதவைக் கூரைகள் அமிழ்ந்தன.

குழாய் இருக்கிறதே என்பீர்கள். நான் ஆய்வுக்குப் போன ஒரு கிடங்கில், அந்தக் குழாயில் கசிவு கண்டதால் வெளி வால்வை மூடியே வைத்திருந்தார்கள். பராமரிப்புக்குத் தொட்டி காலியாகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணம். ஐப்பசி அதுவரை காத்திருக்கவில்லை. கூரை ஒரு பக்கம் சாய்ந்து சுவரில் சிக்கிக்கொண்டது.

அடுத்தது எத்தனால். தனிப் பெட்ரோலில் தண்ணீர் புகுந்தால் அடியில் தங்கும், வடித்துவிடலாம். எத்தனால் கலந்ததில் அப்படி முடியாது. தண்ணீர் ஓரளவைத் தாண்டினால் எத்தனாலையும் இழுத்துக்கொண்டு தனி அடுக்காகக் கீழே பிரிந்துவிடும். மேலே நிற்கும் பெட்ரோலின் ஆக்டேன் எண் குறையும். திறந்த தொட்டியில் கூரைக்கும் சுவருக்கும் நடுவே அடைக்கும் ஓர சீல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், சுவர் வழியே வழியும் மழைநீரில் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும். லாரியில் ஏற்றும்போதுதான் எத்தனாலைக் கலக்கிறீர்கள், தொட்டியில் இருப்பது வெறும் பெட்ரோல் என்றால் இந்த வாதம் வலுவிழக்கும். மழைக் கணக்கு அப்போதும் மாறாது.

இனி அலுமினியத்துக்கு வருவோம். மலிவானது, மெல்லிய தகட்டைக் குழல் மிதவைகள் தூக்கிப் பிடிக்கும் ரகம். தகட்டுக்கும் பெட்ரோலுக்கும் நடுவே ஆவி நிற்க இடைவெளி இருக்கும். மற்றொன்று, முழுப் பரப்பும் பெட்ரோலைத் தொட்டபடி மிதக்கும் அடைத்த பலகை ரகம். விலை கூடுதல். ஆனால் தீயணைப்புக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் என்.எஃப்.பி.ஏ. 11 விதிப்படி, நிலையான கூரைக்குள் மிதக்கும் இந்தப் பலகைக் கூரைக்கும் எஃகு பான்டூன் கூரைக்கும் ஓர சீல் பகுதியைக் காக்க மட்டும் நுரை ஏற்பாடு செய்தால் போதும். குழல் மிதவைத் தகட்டுக்கு முழுப் பரப்பையும் மூடும் அளவு நுரை வேண்டும். கூரையில் மிச்சம் பிடித்த பணம் நுரைக் குழாயிலும் பம்பிலும் போய்விடும். உள்ளே வைக்க நான் பலகை ரகத்தையோ எஃகு பான்டூனையோதான் எடுப்பேன். அறைகளாகப் பிரிக்காத தாம்பாளம் போன்ற எஃகுக் கூரையை யாராவது காட்டினால், ஒரு துளை விழுந்தாலே மூழ்கும் பொருள் அது என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

கச்சா எண்ணெய்க்கான பெரிய தொட்டி என்றால் என் பதில் வேறு. அங்கே திறந்த தொட்டிதான் வழக்கம். மேலும் கீழுமாக இரண்டு தகடுகள் கொண்ட இரட்டைத் தளக் கூரையைச் சொல்வேன். 1983-இல் வேல்ஸின் மில்ஃபோர்ட் ஹேவனில் எரிந்தது 78 மீட்டர் விட்டமுள்ள கச்சா எண்ணெய்த் தொட்டி. அதன் ஒற்றைத் தளத்தில் வெடிப்புகள் விழுந்து எண்ணெய் மேலே கசிந்துகொண்டிருந்தது. ஜப்பானின் தொமகோமையில் 2003 நிலநடுக்கத்தில் நாப்தா என்ற லேசான பெட்ரோலியப் பொருள் இருந்த தொட்டியின் ஒற்றைத் தளக் கூரை மூழ்கி, இரண்டு நாள் கழித்துத் தொட்டி முழுவதும் தீப்பிடித்தது.

உள் மிதவைக் கூரைக்கும் பாடு உண்டு. மேல்கூரைக்கும் அதற்கும் இடையே ஆவி தேங்காதிருக்க, சுற்றிலும் 10 மீட்டருக்கு மேல் இடைவெளி விடாமல் காற்றுத் துவாரங்கள் வேண்டும், குறைந்தது நான்கு. சாரல் புகாதபடி அவற்றுக்கு மறைப்பும் கேளுங்கள். மேல்கூரையைத் தூண்கள் தாங்கினால் ஒவ்வொரு தூணும் மிதவைக் கூரையைத் துளைத்துச் செல்லும். அத்தனையும் கசிவு வழிகள். தூணில்லாத அலுமினியக் குவிமாடத்துக்கும் ஒரு விலை வாங்கிப் பாருங்கள். உங்கள் பழைய திறந்த தொட்டிகளுக்கு அதே குவிமாடத்தைப் பின்னால் பொருத்தவும் முடியும்.

எந்த மிதவைக் கூரையானாலும் அதன் தாங்கு கால்கள் தரைதட்டும் அளவுக்குத் தொட்டியை வழக்கமாகக் காலி செய்யாதீர்கள். அப்போது கூரைக்கடியில் ஆவி நிறைந்துவிடும். தவிர்க்க முடியாமல் தட்டிவிட்டால், கூரை மறுபடி மிதக்கும்வரை நிரப்பும் குழாயில் பெட்ரோல் வினாடிக்கு 1 மீட்டருக்கு மேற்படாத வேகத்தில் ஓடும்படி நிரப்புங்கள். சீல் துணி எத்தனாலைத் தாங்கும் என்பதற்கான சோதனைச் சான்றிதழை, விலைப் பேச்சு தொடங்கும் முன்பே இருவரிடமும் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.